வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

பள்ளிக்கூடங்களில் இளஞ்சிறார்க்குக் கற்பிக்கப்படும் பயிற்சிகளுள் சொல்வதெழுதுதல் என்பது ஒன்று. ஆசிரியர் ஒரு தொடரைச் சொல்ல, மாணாக்கர் அதனைச் செவியாற் கேட்டு அவ்வாறே எழுதுவர். இஃது எளியதொரு பயிற்சி என்றே பலரும் கருதுகின்றனர். ஒருவர் வாயிற் பிறந்த சொல்லை மற்றொருவர் கையால் எழுதுவதில் அருமை யாதுளது என்று வினவுவாரும் உளர். ஆயினும், பண்டை அரசர் ஆணையும், ஊரவையார் முடிபும், பேராசிரியர் உரையும் பல நூற்றாண்டுகள் கடந்து நம் கைக்கு எட்டியது இவ்வொரு தொழிலாலேயே என்பதை எண்ணுவோமாயின், அதன் அருமை தானே விளங்கும். நம் குலத்தார் பலர் தலைமுறை தலைமுறையாக ஊர்க்கணக்கும் ஓலையும் எழுதி வாழ்ந்தவராதலின், அத்தொழிலின் பழமையையும், அதனைச் செய்தார் கைக்கொண்ட ஒழுங்கையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

ஒருவர் சொல்லக் கேட்டு எழுதும் ஓலையைப் பட்டோலை என்பது பழைய வழக்கு. 'பட்டோலை கொண்டான்' என்றால், பிறர் சொல்லை எழுத்தில் ஏற்றுக்கொண்டான் என்பது பொருள். 'கொண்டான்' என்னுஞ் சொல்லை நோக்குமின். எழுதுவோன் அச்சொல்லை உண்டாக்கியவன் அல்லன், ஏற்றுக்கொண்டவன். ஏற்ற பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரியவர்க்குச் சேர்ப்பிப்பதே அவன் கடமை. அடைக்கலப் பொருளைக் காப்பவனுக்குரிய அறமே இவனுக்கும் உரியதாயிற்று.

இக்கடமை காது கேட்பதனாலும் கை ஓடுவதனாலும் மட்டும் நிறைவேறுவதன்று. பனையோலையை இடக்கையிற் பிடித்து, கட்டைவிரலால் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்தி எழுதுதல் பழைய முறை. எழுதி முடிந்தபின் மை தடவித் துடைப்பின், கீறல்களில் மை தங்கி எழுத்துக்கள் விளங்கித் தோன்றும். எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை பொத்துவிடுமாதலின், புள்ளியிடாமலே எழுதுவது பெருவழக்காயிற்று. அதனால் எகரமும் ஏகாரமும் ஒரு வடிவாயின. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. காலெழுத்துக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இல்லை. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். 'பாவை' என்பதனைப் 'பரவை' என்றும் படிக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்திற்குப் பின்னரே நெடிலும் குறிலும் வடிவத்தால் வேறுபட்டன. ஆகவே, அந்நாளில் சொல்லக்கேட்டு எழுதுவோன் பொருளறிந்து எழுதவேண்டும். படிப்போனும் பொருளறிந்து படிக்கவேண்டும். பொருளறியாதான் கையில் ஒருவனுடைய ஏரி எரிந்துபோதலும் கூடும்.

1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், ஆசிரியர் செய்யுட்களை இயற்றி வாயாற் சொல்லச் சொல்லத் தாமும் பிற மாணாக்கரும் ஓலையில் எழுதிய செய்திகளைத் தம் சரித்திரத்தில் எடுத்துரைக்கின்றார். பல தலபுராணங்கள் அவ்வாறே உருப்பெற்றன. எழுதியவரும் தமிழறிந்தவராயிருந்தமையின் நூல் பழுதின்றி நிலைத்தது. எழுதியதனால் அவர் புலமையும் வளர்ந்தது. இனி, அரசர் அவையில் இத்தொழில் நடைபெற்ற முறையைக் காண்பாம்.

சோழப் பேரரசர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் திருவாய்க்கேள்வி, திருமந்திர ஓலை, திருமந்திர ஓலைநாயகம் முதலிய அலுவற்பெயர்கள் காணப்படுகின்றன. அரசன் திருவாய்மொழிந்ததைக் கேட்பவன் திருவாய்க்கேள்வி. அதனை ஓலையில் எழுதுவோன் திருமந்திர ஓலை. எழுதியது சொல்லியதோடு ஒத்துளதா என்று பார்த்து ஒப்புவோன் ஓலைநாயகம். கேட்பது ஒருவர், எழுதுவது ஒருவர், ஒப்புவது ஒருவர் என இங்ஙனம் பிரித்து வைத்ததன் நோக்கம் யாது? அரசன் சொல் ஒரே ஒருவன் கைக்குள் அடங்கிவிடலாகாது என்பதே யாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் முதலாம் இராசராச சோழனது 26ஆம் ஆட்சியாண்டில் பிறந்த ஆணை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அரசன் தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானஞ்செய்து வீற்றிருந்தபோது, தான் கொடுத்தனவும், தன் தமக்கை கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், மற்றையோர் கொடுத்தனவும் விமானத்துக் கல்லிலே வெட்டப்படுக என்று வாய்மொழிந்தான் என்பது அதன் செய்தி. அவ்வாணையில் ஒரு நுட்பம் உளது. அரசன் 'நாம்' என்று சொன்ன சொல் கல்லிலும் 'நாம்' என்றே நிற்கின்றது. தமக்கையாரை 'அக்கன்' என்று வீட்டுவழக்கிற் சொல்லியதும் அவ்வாறே நிற்கின்றது. எழுதியவன் தன் புலமையைக் காட்டக் கருதி அச்சொற்களை மாற்றி, அலங்காரச் சொற்களைப் பெய்திருத்தல் எளிது. அவன் அது செய்திலன். ஆகலின், ஆயிரம் ஆண்டு கழிந்தபின்பும் ஒரு தம்பி தன் தமக்கையைக் குறித்த குரல் அக்கல்லினின்றும் கேட்கின்றது. எழுதினோன் தன்னை மறைத்துக்கொண்டமையாற் பேசினோன் வெளிப்பட்டான்.

எழுதியபின் அவ்வோலை எத்துணைப் படிகளைக் கடந்தது என்பதை ஆனைமங்கலச் செப்பேடு தெளிவாகக் காட்டும். இஃது ஆலந்து நாட்டு இலெய்டன் நகரத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தமையால் இலெய்டன் செப்பேடு என்றும் வழங்கும். கிடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக அளித்தமை இதனுட் கூறப்படுகின்றது. அரசனது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் தெற்கு மண்டபத்தில் அவன் இருந்தபோது ஆணை பிறந்தது. அதனை எழுதியவன் விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன் என்பான். எழுத்து இவனுடையது, ஒப்பு ஓலைநாயகருடையது. பின்னர், 96ஆம் நாளில் அது வரிப்புத்தகத்தில் ஏறியது. வரித்திணைக்களத்தைச் சார்ந்த அலுவலர் பலர் உடனிருந்தமையும் அவர் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளது. அதன்பின் திருமுகம் நாட்டார்க்குச் சென்றது. நாட்டார் எதிரெழுந்து சென்று தொழுது, அதனை வாங்கித் தலைமேல் வைத்து, பிடியானையை நடத்தி எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை செய்து கொடுத்தனர். எல்லையில் இருந்த ஊர்களின் சார்பில், ஊரார் பணிக்க எழுதினேன் என்று அவ்வவ்வூர் எழுத்தாளர் தத்தம் பெயரைப் பொறித்தனர்.

அவ்வூரின் காணிக்கடனாகிய நெல்லின் அளவு 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி என்பது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கலங்களைச் சொல்லுமிடத்து ஒற்றை நாழியையும் விடாது குறித்த கையை நாம் போற்றவேண்டும். அன்றியும், இத்தொகை சொல்லாலேயே எழுதப்பட்டுள்ளது. இலக்கத்தை ஒரு கீறலால் மாற்றிவிடலாம். சொல்லை அங்ஙனம் மாற்றுதல் அரிது. வாய்மொழிந்த இராசராசன் 1014இல் உலகு நீத்தான். அவன் சொல்லைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் அவன் மைந்தன் இராசேந்திரன். சொன்னவன் மறைந்தபின்னும் சொல் மறையாது நின்றமைக்குக் காரணம், நான்கு நாள் இடைவெளியில் அது ஓலையிலும் புத்தகத்திலும் பிழையின்றி ஏறியிருந்தமையே.

அரசன் ஓலை நிற்க. ஊரவையின் எழுத்தை நோக்குவாம். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் ஏற்பட்ட சபை விதிகள் அங்குள்ள கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. 30 குடும்புகளினின்றும் வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை அவற்றால் அறிகிறோம். நம்மனோர் பலரும் குடவோலையின் பெருமையைப் பேசுவர். அவ்வோலையைப் படித்தவன் யார், அவனுக்கு விதித்த கட்டுப்பாடு யாது என்பவற்றைப் பேசுவார் சிலரே.

ஒன்றுமறியாத சிறுவன் குடத்தினின்றும் ஓர் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் வாங்கவேண்டும். வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏற்கவேண்டும் என்பது விதி. ஏற்ற ஓலையை அவன் உரக்கப் படிப்பான். அவன் படித்தபின், அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனை வாங்கிப் படிப்பர். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும். விரலை மடக்கிய கைக்குள் வேறோர் ஓலையை ஒளித்து வைத்தல் கூடுமாதலின் கை விரிந்தது. தவறாகப் படித்தல் கூடுமாதலின் பலர் படித்தனர். இதனை மத்தியஸ்தனுக்கு நேர்ந்த இழிவென்று கொள்ளற்க. விரித்த கையோடு நின்றவன்மேல் பிற்றைநாளில் எவரும் பழி கூறவியலாது. அவ்விதி ஊரைக் காத்தவாறே அவனையும் காத்தது.

அக்கல்வெட்டு ஊர்க்கணக்கு எழுதுவோர்க்கும் விதி வகுத்துள்ளது. நேர்மையாற் பொருளீட்டியவரே கணக்கெழுதுதற்கு உரியர். ஒருவன் தான் எழுதிய கணக்கைப் பெருமக்கள்முன் காட்டி, தூயவன் எனப்பட்டாலன்றி, மீண்டும் கணக்கு வேலையிற் புகுதல் ஆகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டல்வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்தல் கூடாது. இம்மூன்றாவது விதியே மிக நுண்ணியது. பிறன் ஒருவனை அழைத்து மூடச்செய்த கணக்கில் யாரை யார் கேட்பது? எழுதிய கையே விடையிறுக்கவேண்டும் என்று அவர் அன்றே துணிந்தனர்.

வாரியம் செய்து கணக்குக் காட்டாது நின்றாரைக் குறித்த விதி இன்னுங் கடுமையானது. அன்னாரும், அவருடைய தந்தை, மக்கள், மாமனார், மருமகன், மைத்துனர், உடன்பிறந்தாள் கணவன், சிற்றன்னை பேரன்னை மக்கள் முதலிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படுவதற்கு உரியரல்லர். ஒருவர் காட்டாத கணக்கு அவர் சுற்றமனைத்தையும் அவைக்குப் புறம்பாக்கியது. குலத்தின் பெயரால் ஒன்றுகூடும் நாம் இவ்விதியைப் படித்து வாளாவிருத்தல் ஆகாது.

இவ்விதிகளை எழுதியவன் பெயரும் கல்லிலே உளது. காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்னும் மத்தியஸ்தன், பெருமக்கள் பணிக்கத் தான் எழுதியதாகக் கூறி முடிக்கின்றான். விதியைச் செய்தோர் பெருமக்கள் என்பதனை மறைத்திலன். எழுதியவன் தான் என்பதனையும் மறைத்திலன். பழைய ஆவணங்களின் இறுதியில் எழுதினோர் பெயரும், 'இவை என் எழுத்து' என்னும் தொடரும் வருதல் இக்கருத்துப்பற்றியே. அது புகழுக்கு இட்ட ஒப்பம் அன்று. பிழையிருப்பின் என்னைக் கேண்மின் என்று இட்ட ஒப்பம்.

அரசும் ஊரும் அன்றி, ஆசிரியர் மாணாக்கர் இடையிலும் பட்டோலை வழக்கு இருந்தது. திருவாய்மொழிக்கு எழுந்த வைணவ உரைகளின் வரலாற்றில் இருவர் செய்தி குருபரம்பரை வழியாக வழங்கி வருகின்றது. நஞ்சீயர் தாம் செய்த ஒன்பதினாயிரப்படி என்னும் உரையை நன்றாகப் படியெடுக்கவல்லார் ஒருவரைத் தேட, நம்பூர் வரதராசர் என்பாரைக் காட்டினர். நஞ்சீயர் அவர்க்கு உரை முழுவதையும் ஒருமுறை ஓதி, ஏட்டையும் கொடுத்தனுப்பினார். வரதராசர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் பெருகவே, சுவடியைத் தலையிற் கட்டிக்கொண்டு நீந்தினார். சுவடி ஆற்றோடு போயிற்று. அவர் தாம் கேட்டதனை நினைவிலிருந்தே முழுதும் எழுதினார். சிலவிடங்களில் தமக்குத் தோன்றிய சிறந்த பொருளையும் சேர்த்தார். நஞ்சீயர் படித்துப் பார்த்து, தாம் சொல்லாதன சில இருத்தலைக் கண்டு வினவினார். வரதராசர் ஒன்றையும் ஒளியாது, சுவடி போனதையும் தாம் சேர்த்ததையும் உரைத்தார். ஆசிரியர் மகிழ்ந்து அவரைத் தழுவி 'நம் பிள்ளை' என்றார். அதுவே அவர்க்குப் பெயராயிற்று.

அந்நம்பிள்ளையிடம் பாடங்கேட்ட வடக்குத் திருவீதிப் பிள்ளை, பகலிற் கேட்ட விரிவுரையை இரவில் எழுதி வைத்துவந்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி எனப்படுவது. எழுதியது ஆசிரியர் சொன்னவாறே பிழையற்றிருந்தது. ஆயினும், தம்மைக் கேளாமல் எழுதியது ஏன் என்று நம்பிள்ளை கடிந்து, அச்சுவடியைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டார் என்பர். ஒருவர் சேர்த்து எழுதியும் பாராட்டப்பெற்றார். மற்றவர் பிழையின்றி எழுதியும் கடியப்பெற்றார். என்னை காரணம்? முன்னவர் வினவியபோது உண்மையை ஒளித்திலர்; பின்னவர் சொல்லுக்கு உரியவரது இசைவைப் பெற்றிலர். சொல் பேசினோனுடைய பொருள் என்பதனை இவ்விரு செய்திகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இனி நம்மை நோக்குவாம். நம் கூட்டங்களிற் பேசுவோர் சிலர், சோழர் ஓலை எழுதினோர் அனைவரும் நம் குலத்தாரே என்று கூறக் கேட்டிருக்கின்றேன். அன்பு மிகுதியாற் கூறுவதாயினும் அஃது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. மத்தியஸ்தன், கரணத்தான், ஓலைநாயகம் என்பன அலுவலின் பெயர்கள். அவ்வலுவல்களில் பிரமராயர் என்னும் பட்டமுடையாரும், மூவேந்த வேளார் என்னும் பட்டமுடையாரும் இருந்தனர். எழுத்து எக்குலத்தார்க்கும் தனியுடைமை அன்று. எழுத்தைக் காத்தவர் வரலாற்றை எழுதப் புகுந்து, அதிலேயே இல்லாததொன்றைச் சேர்ப்போமாயின், நாம் அவர் வழியினர் ஆதல் யாங்ஙனம்?

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. பிற்காலத்தில் ஊர்க்கணக்கர் பெயர் பலவிடங்களில் கெட்டது. எழுத்தறியாத குடிகள் கூடியிருந்த ஊரில், எழுதத் தெரிந்தவன் ஒருவனே ஆனபோது, கேட்பவனும் எழுதுபவனும் ஒப்புபவனும் அவனே ஆயினான். விரித்த கை மெல்ல மடங்கியது. எல்லாரும் அங்ஙனம் செய்தனர் என்று கூறேன். நாழி நெல்லும் பிசகாமல் எழுதிய பெரியோரும் இருந்தனர். ஆயினும், சிலர் செய்த பிழையின் பழி எல்லார்மேலும் விழுந்தது. 1980ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தமிழ்நாட்டு அரசு அவசரச் சட்டத்தால் பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தனர். என் பாட்டனாரும் அந்நாளில் கணக்குப் புத்தகங்களை ஒப்படைத்தவர்களுள் ஒருவர். கணக்கைத் தாமே உட்கார்ந்து முடித்து, ஒவ்வொரு புத்தகத்தின் ஈற்றிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தனர் என்று என் தந்தையார் சொல்வர். வேலை போன துயரம் அவர்க்கு இருந்தது. காட்டாத கணக்கு என்னும் துயரம் இல்லை.

பதவி போயிற்று, கடமை போகவில்லை. எழுதத் தெரிந்தாரிடம் எழுதத் தெரியாதார் வந்து நிற்பது இன்றும் ஓயவில்லை. மாலைவேளைகளில் ஊரார்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மூதாட்டியார் தம் நிலத்தைக் குறித்து விண்ணப்பம் எழுத வந்தனர். அவர் சொல்லியதில் முன்பின் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் என் அறிவை நம்பி அதனை ஒழுங்குசெய்து, நல்ல நடையில் எழுதினேன். பெருவிரல் மையை ஒற்றுமுன் அவர் என்னை நோக்கி, "ஐயா, நான் சொன்னபடிதானே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். அவ்வளவே. நான் படித்துக் காட்டினேன். இடையில் நிறுத்தி, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றார். முரண் என்று நான் கருதியது முரண் அன்று. அண்ணன் பங்கு வேறு, தம்பி பங்கு வேறு என்பதனை நான் தான் ஒன்றாக்கிவிட்டேன். அத்தாளைக் கிழித்துவிட்டு, அவர் சொன்னவாறே வேறொன்று எழுதினேன். நடை அழகு குறைந்தது, நிலம் பிழைத்தது.

அன்று முதல் எவர்க்கு எழுதினும் முழுதும் படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து வாங்குகின்றேன். நம் இளைஞருட் பலர் இன்று அலுவலகங்களிலும் பத்திரம் எழுதும் இடங்களிலும் நீதிமன்றங்களிலும் கணிப்பொறியின்முன் அமர்ந்து பிறர் சொல்லை எழுதுகின்றனர். எழுத்தாணி மாறியது, ஓலை மாறியது, எதிரில் நின்று சொல்பவரின் அச்சம் மாறவில்லை. நம் பிள்ளைகட்கு நாம் விட்டுச்செல்லத்தக்க குலச்சொத்து சோழர் காலத்துப் பட்டம் அன்று. சொன்னவாறு எழுதுக, எழுதியதைப் படித்துக் காட்டுக, சேர்த்தது உண்டாயின் சொல்லுக, முடிவில் உன் பெயரை இடுக. இந்நான்கும் கைவரப் பெற்றவன் எக்குலத்தானாயினும், உத்தரமேரூரில் உள்ளங்கை விரித்து நின்ற அம்மத்தியஸ்தனுக்கு வழித்தோன்றலே ஆவன். அவ்வழியில் நம் மக்களும் நிற்பாராக.